கிடங்கில் பிறந்த ஆட்டம் யார் கைக்குப் போனது? ரேவ் கலாச்சாரம்: கேள்விகளும் பதில்களும்

1987-லிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிரிட்டன் இளைஞர்களைப் பிடித்து ஆட்டியது ஆசிட் ஹவுஸ், ரேவ் என்ற நடன அலை. காலிக் கிடங்குகளிலும் வயல்வெளிகளிலும் உரிமம் இல்லாமல் நடந்த அந்த ஆட்டம் இன்று முதலீட்டு நிறுவனங்கள் வாங்கி விற்கும் சொத்து. நடுவில் என்ன நடந்தது என்று என்னிடம் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்த இசையை நெடுங்காலமாக நேசிப்பவன் நான். அதனால் நடுநிலையாளர் மாதிரி எழுத எனக்கு வராது.

ரேவ் என்பது டிஸ்கோவின் இன்னொரு பெயர்தானே? இதில் 'கலாச்சாரம்' என்று சொல்ல என்ன இருக்கிறது?

அந்தக் காலத்து லண்டன் கிளப் வாசலில் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கேன்வாஸ் ஷூ போட்டு வந்தவரைத் திருப்பி அனுப்புவார்கள். பின்னிரவு மூன்று மணிக்குள் விளக்கைப் போட்டு எல்லோரையும் வெளியேற்றுவார்கள். ரேவில் உடைக் கட்டுப்பாடு கிடையாது. வியர்வைக்குத் தோதாகத் தொளதொளச் சட்டை போதும். விடியும்வரை ஆடலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், பார்க்க மேடை கிடையாது. டி.ஜே. ஏதோ ஒரு மூலையில் புகைக்குள் நிற்பார். பல இசைத்தட்டுகளில் கலைஞர் பெயர்கூட இருக்காது. கூட்டம் தன்னைத்தானே பார்த்துக்கொண்டு ஆடியது. பகலில் மைதானத்தில் அடித்துக்கொண்ட கால்பந்து ரசிகர்கள் இரவில் ஒரே தளத்தில் கட்டிப்பிடித்து நின்றதை அந்தத் தலைமுறை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆடுபவர், ஆட்டுவிப்பவர் என்ற பிரிவே மங்கிப்போன அந்த நிலைதான் என் பார்வையில் இதன் உயிர். பின்னாளில் விலை போனதும் அதுதான்.

இந்த இசை பிரிட்டனில் பிறந்ததா?

இல்லை. இது எத்தனை முறை சொன்னாலும் மறக்கப்படுகிற விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிஸ்கோவிலிருந்து கிளைத்த மின்னணு நடன இசையான ஹவுஸ் சிகாகோவில் பிறந்தது. 1977-ல் அங்கே திறந்த 'வேர்ஹவுஸ்' கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் தட்டுகளைச் சுழற்றினார். வந்து ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் தற்பாலீர்ப்பு இளைஞர்கள். மற்ற இடங்களில் வரவேற்பு இல்லாதவர்கள். அதே ஊரில்தான் 1979 ஜூலையில் பேஸ்பால் மைதானத்தின் நடுவே டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துக் கொண்டாடினார்கள். விரட்டப்பட்ட இசை கிடங்குக்குள் போய் உருமாறி வெளியே வந்தது. டெட்ராயிட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் டெக்னோ என்ற மின்னணு நடன இசையை உருவாக்கினார்கள்.

'ஆசிட்' ஒலியின் கதை இன்னும் சுவையானது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981-ல் டி.பி.-303 என்ற சிறு கருவியைக் கொண்டுவந்தது. தனியே வாசிக்கும் கலைஞருக்கு பேஸ் கிதார் துணையாக இருக்கும் என்று நினைத்தார்கள். அது பேஸ் கிதார் மாதிரி கொஞ்சமும் ஒலிக்கவில்லை. 1984-ல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்த அந்தப் பெட்டியின் குமிழ்களை ஃபியூச்சர் என்ற சிகாகோ குழு மனம்போனபடி திருகிப் பார்த்தது. 1987-ல் வந்த அவர்களுடைய இசைத்தட்டிலிருந்துதான் நெளிந்து குழையும் அந்த ஒலி உலகத்துக்குத் தெரிந்தது. சந்தை தூக்கிப் போட்ட பொருளிலிருந்து வந்த இசை இது.

படைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? சிகாகோவின் இசைத்தட்டு நிறுவனமான ட்ராக்ஸ் ரெக்கார்ட்ஸ் தங்களுக்கு ராயல்டி தரவில்லை என்று ஹவுஸ் கலைஞர்கள் லாரி ஹெர்ட், ராபர்ட் ஓவன்ஸ் இருவரும் 2020-ல் வழக்குப் போட்டார்கள். 2022-ல் சமரசமாகி, பாடல்களின் உரிமை அவர்களிடம் திரும்பியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது அதற்கு.

பிரிட்டனுக்கு எப்படி வந்து சேர்ந்தது?

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது: 1987 கோடையில் டேனி ராம்ப்ளிங், பால் ஓக்கன்ஃபோல்ட் உள்ளிட்ட நான்கு லண்டன் டி.ஜே.க்கள் ஸ்பெயினின் இபிசா தீவுக்குப் போனார்கள். அம்னீசியா கிளப்பில் டி.ஜே. ஆல்ஃப்ரெடோ வாசித்ததைக் கேட்டு மயங்கினார்கள். ஊர் திரும்பிய ராம்ப்ளிங் அந்த ஆண்டின் இறுதியில் சவுத்வார்க்கில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் 'ஷூம்' என்ற இரவைத் தொடங்கினார். சில நூறு பேர் மட்டுமே நுழைய முடிந்த இடம். மறு ஆண்டு நாடே பற்றிக்கொண்டது.

நடந்ததுதான். ஆனால் அந்தப் பயணத்துக்கு முன்பே, 1987 ஜனவரியில், சிகாகோவின் ஸ்டீவ் 'சில்க்' ஹர்லியின் ஹவுஸ் பாட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம் பிடித்துவிட்டது. மான்செஸ்டர் முதலான வடக்கு நகரங்களின் கறுப்பின இளைஞர்கள் அதற்கும் முன்பிருந்தே இதற்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். நான்கு நண்பர்களின் விடுமுறைக் கதை சொல்ல எளிது, விற்க அதைவிட எளிது. அதனால் அதுவே வரலாறாகிவிட்டது.

ஆரம்பத்தில் எல்லோரும் காசு பார்க்காமல்தான் நடத்தினார்களா?

இந்த நினைப்பைக் கைவிடாமல் வணிகமயம் எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள முடியாது. 1989-ல் டோனி கோல்ஸ்டன்-ஹேட்டரின் 'சன்ரைஸ்' அமைப்பு வைட் வால்தம் விமானத் தளத்தில் நடத்திய ரேவுக்குப் பதினோராயிரம் பேர் வந்தார்கள். அது டிக்கெட் போட்ட, லாபம் பார்த்த நிகழ்ச்சி. லண்டனைச் சுற்றும் எம்25 நெடுஞ்சாலை 1986-ல்தான் முழுமையடைந்திருந்தது. இடத்தைக் கடைசி நிமிடம்வரை மறைத்து வைப்பார்கள். தொலைபேசியில் பதிவு செய்த குரல் வழி சொல்ல, கார்கள் சாரைசாரையாக அந்தச் சாலையில் கிளம்பும். போலீஸ் வந்து சேர்வதற்குள் ஆயிரக்கணக்கானோர் உள்ளே இருப்பார்கள். கோல்ஸ்டன்-ஹேட்டர் குழுவினர் சந்தைச் சுதந்திரத்தை நம்பியவர்கள். 'ஆடும் சுதந்திரம்' என்ற இயக்கத்தை அவர்கள் அறிவித்ததே மார்கரெட் தாட்சரின் கட்சி மாநாட்டில்.

இன்னொரு பக்கமும் இருந்தது. வடக்கு இங்கிலாந்தின் பிளாக்பர்னில், ஆலைகள் மூடிக் காலியாகக் கிடந்த கட்டடங்களில் உள்ளூர்ப் பிள்ளைகள் பத்தாயிரம் பேர்வரை கூடினார்கள். (1931-ல் காந்தி பஞ்சாலைத் தொழிலாளர்களைச் சந்தித்த டார்வென் அதற்கு அடுத்த ஊர்.) லூட்டனின் 'எக்ஸோடஸ்' குழு ரேவில் சேர்ந்த நன்கொடையைக் கொண்டு வீடற்றவர்களுக்குத் தங்குமிடம் சீர்செய்தது. 'ஸ்பைரல் ட்ரைப்' காசு வாங்காமல் வாரக்கணக்கில் ஆட்டுவித்தது.

ஆகவே பணம் தொடக்கத்திலிருந்தே உண்டு. திருவிழாவில் கடை போடுவது வேறு, கோயிலையே குத்தகைக்கு எடுப்பது வேறு. என் கேள்வி எப்போதும் இந்த இரண்டாவதைப் பற்றியது: இடமும் ஒலிபெருக்கியும் பெயரும் யாருக்குச் சொந்தமாயின?

போலீஸ் தலையிட்டது போதை மாத்திரையால்தானே?

எக்ஸ்டசி மாத்திரை இந்தக் கலாச்சாரத்தின் நடுவில் இருந்தது. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. பிரிட்டனில் 1977-லேயே தடை செய்யப்பட்ட பொருள் அது. உயிர்கள் போயின. கள்ளச்சந்தை ஆட்கள் வாசற்காவலைக் கைப்பற்றிய ஊர்களும் உண்டு. துப்பாக்கி மிரட்டல்களால் மான்செஸ்டரின் 'ஹசியெண்டா' கிளப் 1991-ல் சில மாதங்கள் மூடிக் கிடந்தது.

ஆனால் எல்லாப் பதற்றமும் அக்கறையில் பிறந்ததல்ல. 1988 அக்டோபரில் 'தி சன்' நாளிதழ் ஆசிட் ஹவுஸின் சின்னமான சிரித்த முகம் அச்சிட்ட டி-ஷர்ட்டைத் தன் வாசகர்களுக்கு விற்றது. ஓரிரு வாரத்தில் அதே இதழ் இதை இளைஞர்களை அழிக்கும் தீமை என்று எழுதத் தொடங்கியது. விற்பதிலும் காசு, திட்டுவதிலும் காசு.

சட்டம் என்ன செய்தது?

முதலில், 1990-ன் கேளிக்கைத் தண்டனை உயர்வுச் சட்டம். உரிமமின்றி நிகழ்ச்சி நடத்தினால் அபராதம் இரண்டாயிரம் பவுண்டிலிருந்து இருபதாயிரமாக உயர்ந்தது. கூடவே ஆறு மாதச் சிறை. அந்த ஜூலையில் லீட்ஸ் அருகே கில்டர்சம் என்ற இடத்தில் ஒரே இரவில் 836 பேரைக் கைது செய்தார்கள்.

1992 மே மாதம் காசில்மார்ட்டன் பொதுவெளியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடி ஒரு வாரம் இலவசமாக ஆடினார்கள். ஸ்பைரல் ட்ரைப் ஆட்கள் உட்பட 13 பேர்மீது வழக்கு. லட்சக்கணக்கான பவுண்ட் அரசுப் பணம் செலவான அந்த விசாரணை 1994-ல் எல்லோரும் விடுதலையாகி முடிந்தது. அதே ஆண்டு குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம் வந்தது. அதன் 63-ஆம் பிரிவு, திறந்தவெளியில் நூறு பேருக்கு மேல் கூடி இரவில் உரத்த இசைக்கு ஆடுவதைக் கலைக்கப் போலீஸுக்கு அதிகாரம் தந்தது. எந்த இசை? 'அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் தாளத் துடிப்புகள்' கொண்டதும் அதில் அடங்கும் என்று சட்டமே விளக்கியது. ஒரு நாடாளுமன்றம் தாளத்தை வரையறுத்துச் சட்டம் போட்டதை எண்ணினால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஒலிக்கருவிகளைப் பறிமுதல் செய்யவும் அதில் வழியிருந்தது. 2003-ல் நூறு என்பதை இருபதாகக் குறைத்தார்கள்.

ஸ்பைரல் ட்ரைப் ஐரோப்பாவுக்குப் போய் அங்கே விதை போட்டது. அடக்குமுறையும் பின்னாலேயே போனது: 2022-ல் இத்தாலியின் புதிய அரசு பதவியேற்ற சில நாட்களில் கொண்டுவந்த அவசர ஆணையில் ரேவ் நடத்துவோருக்கு ஆறு ஆண்டுவரை சிறை.

ரேவை ஒடுக்கிய சட்டம் எப்படி வணிகத்துக்கு உதவும்?

இதுதான் கதையின் மையம். மக்கள் ஆடுவதை நிறுத்தவில்லை. இலவசமாகவோ மலிவாகவோ ஆடும் இடங்கள் மட்டும் அபாயமாயின. உரிமம் வாங்க வழக்கறிஞர் வேண்டும், தீயணைப்பு வசதியுள்ள கட்டடம் வேண்டும், காப்பீடு வேண்டும். மொத்தத்தில் முதலீடு வேண்டும். முதலீடு உள்ளவர்களின் வாசலுக்குக் கூட்டத்தைக் கொண்டுபோய் விட்டது அரசுதான்.

1991-ல் லண்டனின் எலிஃபண்ட் அண்ட் காசில் பகுதியில் திறந்தது 'மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட்' கிளப். யோசனை டி.ஜே. ஜஸ்டின் பெர்க்மனுடையது, நியூயார்க்கின் 'பாரடைஸ் கராஜ்' கிளப்பை மனதில் வைத்து, ஒலிக்கு முதலிடம் கொடுத்துக் கட்டினார். தொடக்கத்தில் மது கிடையாது. பணம் போட்டவர் ஜேம்ஸ் பலம்போ, நகரத்தின் நிதித்துறையிலிருந்து வந்த செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. சில ஆண்டுகளில் அது தொகுப்புக் குறுந்தகடுகள், ஆடைகள், உலகச் சுற்றுப்பயணங்கள் என்று விரிந்தது. அதன் இசை வெளியீட்டுப் பிரிவை 2016-ல் சோனி வாங்கியது. லிவர்பூலில் 1992-ல் தொடங்கிய 'க்ரீம்' கிளப் 1998-ல் க்ரீம்ஃபீல்ட்ஸ் திருவிழாவைத் தொடங்கியது. 2012-ல் இசை நிகழ்ச்சிகள் நடத்தும் பெருநிறுவனமான லைவ் நேஷன் கைக்குப் போனது. 1997 தேர்தலில் லேபர் கட்சியே ஒரு நடனப் பாட்டைப் பிரச்சாரப் பாட்டாக்கிக்கொண்டது.

வணிகம் என்றால் நடைமுறையில் என்ன என்பதற்குத் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். கிளப்பின் வருமானம் மதுவில். ரேவ் ஆடுபவர்களோ பியர் குடிப்பதில்லை, தண்ணீர்தான் கேட்பார்கள். ஹசியெண்டா கூட்டம் வழிந்த காலத்திலும் நஷ்டத்தில் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். சில கிளப்புகள் கழிவறையில் குளிர்ந்த நீர்க் குழாயை அடைத்துவிட்டு, புட்டித் தண்ணீரைக் கொள்ளை விலைக்கு விற்றன. வெப்பத்தில், மாத்திரையின் தாக்கத்தில், மணிக்கணக்காக ஆடும் உடம்புக்குத் தண்ணீரை மறுப்பது கொலைபாதகம். உரிமம் பெற்ற இடங்கள் இலவசக் குடிநீர் தரவேண்டும் என்று இங்கிலாந்து முழுமைக்கும் கட்டாயமானது 2010-ல்தான்.

ஹசியெண்டா 1997-ல் மூடியது. கட்டடத்தை இடித்து, அதே பெயரில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டி விற்றார்கள்.

டி.ஜே.க்கள் நட்சத்திரங்களானது எப்போது?

90களின் நடுவில். புகைக்குள் நின்றவரை மேடையேற்றி விளக்குப் போட்டார்கள். கூட்டம் ஒருவரை ஒருவர் பார்ப்பதை விட்டு மேடையைப் பார்த்தது. சம்பளம் ஏற, டிக்கெட் விலையும் ஏறியது. 1999 டிசம்பர் 31 இரவுக்கு எக்கச்சக்க விலை வைத்த பல நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் விற்கவேயில்லை. ஜனங்கள் வீட்டிலும் தெருவிலும் கொண்டாடினார்கள். லிவர்பூலில் க்ரீம் தன் வாராந்திர இரவை 2002-ல் நிறுத்தியது.

கறுப்பின இளைஞர்களுக்கும் இந்தச் சந்தையில் இடம் கிடைத்ததா?

அவர்களுக்குச் சந்தைக் கதவைவிடப் போலீஸ் கதவுதான் முதலில் தட்டப்பட்டது. ரேவிலிருந்து கிளைத்த ஜங்கிள், கராஜ், கிரைம் (Grime) இசைவகைகள் கிழக்கு லண்டனின் அடுக்குமாடிக் கூரைகளிலிருந்து ஒலித்த திருட்டு வானொலிகளில் வளர்ந்தன. ரின்ஸ் எஃப்.எம். 1994-ல் தொடங்கியது, சட்டப்படி உரிமம் கிடைத்தது 2010-ல். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டி.ஜே. ஸ்லிம்சி, நான்கு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் கூரைக்குப் போகக்கூடாது என்று 2005-ல் நீதிமன்றம் தடை போட்டது. லண்டன் போலீஸின் 'படிவம் 696' நிகழ்ச்சி நடத்துவோரிடம் வரப்போகும் கூட்டம் எந்த இனம் என்றுகூடச் சில ஆண்டுகள் கேட்டது. அந்தப் படிவம் ஒழிந்தது 2017-ல். சிகாகோவின் கறுப்பின இசையை வைத்துப் பெரிய கிளப்புகள் பணம் குவித்த அதே நகரத்தில் நடந்தது இது.

ஈ.டி.எம். (எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்) திருவிழாக்கள் இதன் தொடர்ச்சியா?

பணத்தின் தொடர்ச்சி. ராபர்ட் சில்லர்மன் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் 2012-ல் எஸ்.எஃப்.எக்ஸ். நிறுவனத்தைப் புதுப்பித்து, திருவிழா நடத்துநர்களையும் டி.ஜே.க்கள் இசை வாங்கும் பீட்போர்ட் தளத்தையும் வளைத்தார். 2013-ல் பங்குச்சந்தையில் 26 கோடி டாலர் திரட்டினார். 2016 பிப்ரவரியில் திவால். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள், பீட்போர்ட் தரவேண்டிய வருமானத்துக்குக் காத்திருந்த சிறு இசைப் பதிப்பாளர்கள்.

வணிகமயத்தால் நன்மையே இல்லையா?

உண்டு. அவசர வழி, மருத்துவக் குழு, சோதித்துப் பார்த்த மின் இணைப்பு இவையெல்லாம் சாதாரண விஷயங்களில்லை. கிடங்கில் தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. பல கலைஞர்கள் இசையையே தொழிலாகக் கொண்டு வாழ முடிந்ததும் இதனால்தான். ஆனால் பாதுகாப்புக்கு முதலீட்டாளர்தான் வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. எக்ஸோடஸ் மாதிரிக் குழுக்களுக்கு உரிமம் எளிதாகக் கிடைத்திருந்தால் அவர்களும் செய்திருப்பார்கள்.

கோவாவிலும் இதே கதைதானா?

பெரிய அளவில் ஆமாம். அஞ்சுனா கடற்கரையில் 80களில் வெளிநாட்டுப் பயணிகள் நடத்திய முழுநிலவு இரவுகளிலிருந்து கோவா ட்ரான்ஸ் என்ற மின்னணு இசைவகை உருவானது. வெயிலில் இசைத்தட்டு வளைந்துவிடும் என்பதால் ஒலிநாடாக்களில் வாசித்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் மணலில் பாய் விரித்து, விளக்கேற்றி, விடியவிடிய டீயும் ஆம்லெட்டும் விற்றார்கள். அந்தப் பொருளாதாரத்தில் ஊருக்குப் பங்கிருந்தது. இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கித் தடை வந்தபின் கடற்கரை ஆட்டம் சுருங்கியது. 2007-ல் காண்டோலிமில் 'சன்பர்ன்' திருவிழா தொடங்கியது: வேலி, டிக்கெட், விளம்பரதாரர். வேலிக்குள் அந்தப் பாய்க்கு இடமில்லை.

எதிர்ப்பு எங்காவது வென்றிருக்கிறதா?

வென்றிருக்கிறது. டெட்ராயிட்டின் 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' குழுவினர் முகமூடி அணிந்து, தங்கள் இசைத்தட்டுகளைத் தாங்களே வெளியிட்டு விநியோகித்தார்கள். அவர்களில் டி.ஜே. ரொலாண்டோவின் 1999-ஆம் ஆண்டுப் பாடலை, சோனியின் ஜெர்மன் கிளை அனுமதியின்றி அச்சு அசலாக நகலெடுத்து வெளியிட்டது. உலகெங்கும் ரசிகர்கள் மின்னஞ்சலால் குவித்த எதிர்ப்பில் சோனி பின்வாங்கியது. ஜெர்மனியில் 2016-ல் ஒரு வரி நீதிமன்றம், பெர்லினின் பெர்கைன் கிளப்பில் நடப்பது கச்சேரிக்குச் சமமான கலை நிகழ்ச்சி என்று ஏற்று, 19 சதவீத வரிக்குப் பதில் 7 சதவீதம் போதும் என்றது. 2025-ல், டி.ஜே. நிகழ்ச்சிகளை இணையத்தில் நேரலையாகக் காட்டும் பாய்லர் ரூம் நிறுவனத்தின் மேடைகளையும் அதோடு தொடர்புள்ள சில திருவிழாக்களையும் பல கலைஞர்கள் புறக்கணித்தார்கள். 2010-ல் ஒரு வெப்கேமராவோடு தொடங்கிய பாய்லர் ரூம், கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமான சூப்பர்ஸ்ட்ரக்ட் என்ற திருவிழா நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. இஸ்ரேலோடு தொடர்புள்ள கே.கே.ஆர். முதலீடுகள்தான் எதிர்ப்புக்குக் காரணம். அதன் முடிவு இனிமேல்தான் தெரியும்.

கேட்பவராக நான் என்ன செய்யலாம்?

பாட்டைக் கலைஞரிடமோ சிறு பதிப்பாளரிடமோ நேராக வாங்குங்கள். கலைஞர்கள் நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளம் இன்னும் இதற்கு நல்ல வழி. ஆனால் அதுவும் 2022-ல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ விளையாட்டு நிறுவனத்துக்கும் 2023-ல் சாங்ட்ரேடர் என்ற இசை உரிம நிறுவனத்துக்கும் கைமாறி, ஊழியர்களில் பாதிப்பேரை இழந்த தளம்தான். ஆகவே கலைஞரின் சொந்தத் தளம் இருந்தால் அதையே முதலில் பாருங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கிளப்புகள் உரிமத் தொகை கட்டுகின்றன, அந்தப் பணம் இசையமைத்தவர்களுக்குப் பிரிய வேண்டும். எந்தப் பாட்டு ஒலித்தது என்ற பதிவு இல்லாவிட்டால் அது வானொலியில் அதிகம் ஒலிக்கும் பெரிய பெயர்களின் கணக்கில் சேர்ந்துவிடும். டி.ஜே.யாக இருந்தால் வாசித்த பாடல்களின் பட்டியலை ஒவ்வொரு இரவும் எழுதிக் கொடுங்கள். நிகழ்ச்சி நடத்துபவராக இருந்தால் அதைக் கேட்டு வாங்கி, உரிம அமைப்புக்கு அனுப்பிவையுங்கள்.